ஒபாசிட்டி 50: அந்த எண் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

ஒரு தும்பியின் இறக்கையை வரைவதாக வைத்துக்கொள்வோம். நீளமான ஒரு பாத், அதாவது வடிவத்தின் எல்லை. உள்ளே வெளிர்நீல ஃபில், அதாவது நிரப்பு நிறம். ஓரத்தில் கருநீலத்தில் 10 பிக்சல் தடிமனுள்ள ஸ்ட்ரோக், அதாவது ஓரக்கோடு. பின்னாலிருக்கும் இலை லேசாகத் தெரியட்டும் என்று ஃபில்லுக்கு 50 சதவீதம், ஸ்ட்ரோக்குக்கு 50 சதவீதம் என ஒபாசிட்டியை, அதாவது மறைக்கும் அளவை, குறைக்கிறோம். ஓரக்கோடு திடீரென்று இரட்டைக் கோடாகிவிடுகிறது: வெளியே வெளிறிய பட்டை, உள்ளே அதைவிட அடர்ந்த பட்டை. சரி என்று இரண்டையும் 100க்குத் திருப்பிவிட்டு, மொத்த வடிவத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு 50 கொடுத்தால், கோடு சீராகிவிடுகிறது.

இரண்டு முறையும் கொடுத்தது 50தான். கொடுத்த இடம்தான் வேறு. வெக்டர் மென்பொருள்களில் (பிக்சல்களாக இல்லாமல் கோடுகளும் வடிவங்களுமாக வரைபவை) ஒளிபுகும் தன்மையால் வரும் குழப்பங்களைக் கிளறிப் பார்த்தால், பெரும்பாலானவற்றின் முடிச்சு இங்கேதான் இருக்கும். எண்ணைப் பார்க்கிறோம், அது எதன்மேல், எந்தக் கட்டத்தில் கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்க்கத் தவறுகிறோம்.

கணக்கு என்ன?

ஒரு வடிவம் தனக்குக் கீழே இருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்பதன் அளவே ஒபாசிட்டி. 100 என்றால் முழு மறைப்பு; 0 என்றால் வடிவம் இருந்தும் இல்லாத மாதிரி. (கோரல்டிரா என்ற வெக்டர் மென்பொருளில் பழகிவிட்டு, அதேபோன்ற இல்லஸ்ட்ரேட்டருக்கோ இங்க்ஸ்கேப்புக்கோ வருகிறவர்கள் இங்கேயே ஒருமுறை தடுமாறுவார்கள். கோரலின் டிரான்ஸ்பரன்சி கருவி தலைகீழாக எண்ணுகிறது. அங்கே 80 என்பது இங்கே 20. 50இல் மட்டும்தான் இரண்டுக்கும் சண்டை இல்லை.)

மென்பொருள் உள்ளே செய்வது பள்ளிக்கூடக் கணக்கு. மேலே இருக்கும் நிறத்தை ஒபாசிட்டியால் பெருக்குகிறது, கீழே இருக்கும் நிறத்தை மீதிப் பங்கால் பெருக்குகிறது, இரண்டையும் கூட்டுகிறது. ஒபாசிட்டி 30 என்றால் மேலே இருப்பதில் 30 பங்கு, கீழே இருப்பதில் 70 பங்கு. இந்தப் பங்கைச் சொல்லும் எண்ணுக்கு ஆல்ஃபா என்று பெயர். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக இதையும் படத்திலேயே சேர்த்துவைக்கும் யோசனை, 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் வேலை செய்த ஆல்வி ரே ஸ்மித், எட் காட்மல் இருவருடையது. 1984இல் லூகாஸ்ஃபிலிமின் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் விதிகளை ஒழுங்குபடுத்தி ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். அவர்கள் யோசித்தது சினிமாக் காட்சிகளுக்காக. இன்று ஒரு சின்ன ஐகானில் ஒபாசிட்டியை இழுத்தாலும் ஓடுவது அதே விதிதான்.

இந்தக் கணக்கில் பலரும் எதிர்பார்க்காத ஒரு விளைவு உண்டு. ஒபாசிட்டிகள் கூடுவதில்லை. 50 சதவீத வட்டத்தின் மேல் இன்னொரு 50 சதவீத வட்டம் ஏறினால், ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் மறைப்பு 100 ஆகாது, 75 ஆகும். முதல் வட்டம் பாதியை விட்டுவைக்கிறது, இரண்டாவது அந்த மீதியில் பாதியை விட்டுவைக்கிறது. கால் பங்குப் பின்னணி தப்பித்துவிடுகிறது. மூன்றாவது வட்டம் வந்தால் 87.5. 10 சதவீத நிழல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து அடுக்கினாலும் சுமார் 65 சதவீதம்தான் வரும். பாதியைத் தாண்டவே ஏழு அடுக்கு வேண்டும். நீராவி, புகை, மேகம் போன்றவற்றை அடுக்கடுக்காக வரைகிறவர்களுக்கு இது வசதி. முதல் சில அடுக்குகளில் வேகமாக அடர்ந்து, அப்புறம் மெல்ல அடங்கும். எத்தனை அடுக்கினாலும் முழுதாக அடைத்துக்கொள்ளாது.

ஐந்து இடங்கள்

இப்போது இறக்கைக்கு வருவோம். ஸ்ட்ரோக் பாத்தின் நடுவில் உட்காரும். 10 பிக்சலில் 5 வெளியே, 5 உள்ளே. உள்ளே இருக்கும் 5 பிக்சல் ஃபில்லின் மேல் ஏறி நிற்கிறது. ஃபில்லும் ஸ்ட்ரோக்கும் தனித்தனியாக 50 என்றால், உட்பட்டையில் 50இன் மேல் 50, மறைப்பு 75. வெளிப்பட்டையில் வெறும் 50. இரட்டைக் கோட்டின் ரகசியம் இவ்வளவுதான். மொத்த வடிவத்துக்கு ஒபாசிட்டி கொடுக்கும்போது நடப்பது வேறு. மென்பொருள் முதலில் ஃபில்லையும் ஸ்ட்ரோக்கையும் முழு அடர்த்தியில், தனியாக ஒரு கண்ணுக்குத் தெரியாத பலகையில் வரைந்து முடிக்கிறது. ஸ்ட்ரோக் அங்கே ஃபில்லை முழுதாக மறைத்துவிடுகிறது. அதன்பிறகு அந்தப் பலகை மொத்தத்தையும் 50க்குக் குறைத்து ஓவியத்தின் மேல் வைக்கிறது.

எஸ்விஜி என்ற வெக்டர் கோப்புவகையில் இது பச்சையாகவே எழுதப்பட்டிருக்கும். ஃபில்-ஒபாசிட்டி, ஸ்ட்ரோக்-ஒபாசிட்டி, ஒபாசிட்டி என்று மூன்று தனிப் பண்புகள். இங்க்ஸ்கேப் எஸ்விஜியையே தன் மூலக்கோப்பாக வைத்திருப்பதால் அதன் ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகத்தில் இவை மூன்றும் கண்ணில் படும்: ஃபில் நிறத்தில் ஒரு ஆல்ஃபா, ஸ்ட்ரோக் நிறத்தில் ஒரு ஆல்ஃபா, அடியில் பொதுவான ஒபாசிட்டி. ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் நிறத்தின் பக்கத்தில் இருக்கும் சதவீதம் ஒன்று, லேயருக்கான சதவீதம் இன்னொன்று. இல்லஸ்ட்ரேட்டர்தான் கொஞ்சம் விஷமம் செய்யும். அங்கே டிரான்ஸ்பரன்சி பலகத்தில் கட்டம் ஒன்றுதான். ஆனால் அப்பியரன்ஸ் பலகத்தில் அந்த நேரம் எந்த வரி தேர்வாகியிருக்கிறதோ அதற்கே எண் போய்ச் சேரும். ஃபில் வரி தேர்வாகியிருந்தால் ஃபில்லுக்கு, எதுவும் இல்லையென்றால் முழுப் பொருளுக்கு. திரையில் காட்டும் எண் ஒன்றுபோலவே இருப்பதால், வேறொருவர் செய்த கோப்பைத் திறக்கும்போது அப்பியரன்ஸ் பலகத்தைப் பார்க்காமல் எதையும் முடிவுகட்ட வேண்டாம்.

ஃபில், ஸ்ட்ரோக், பொருள் ஆகிய மூன்றுக்கும் மேலே குரூப் (பல பொருள்களின் தொகுப்பு), அதற்கும் மேலே லேயர் (ஓவியத்தின் ஒரு அடுக்கு). ஒவ்வொன்றுக்கும் தனி ஒபாசிட்டி வைக்கலாம், எல்லாம் பெருக்கிக்கொள்ளும். பொருளில் 50, குரூப்பில் 50, லேயரில் 80 என்றால் கடைசியில் தெரிவது 20 சதவீதம். "இதில் 100 என்றுதானே போட்டிருக்கிறது, ஏன் வெளிறிக் கிடக்கிறது?" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் நேரங்களில் மேலே மேலே ஏறிப் பார்ப்பதுதான் வழி. அதன் மறுபக்கமும் உண்டு: லேயரில் ஒபாசிட்டி வைத்த ஓவியத்திலிருந்து ஒரு பொருளை மட்டும் நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டினால் அது பளிச்சென்று முழு அடர்த்தியில் போய் நிற்கும். எண் லேயரில் தங்கிவிட்டது. பொருள் மட்டும் கிளம்பி வந்திருக்கிறது.

குரூப் ஒபாசிட்டியைத்தான் தொழிலில் அதிகம் கையாள வேண்டியிருக்கும். பல துண்டுகளால் ஆன ஒரு மேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வட்டங்கள், ஒன்றையொன்று தொட்டுத் தழுவி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 40 கொடுத்தால் வட்டங்கள் எங்கெங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவோ அங்கெல்லாம் அடர்ந்த திட்டுகள். வட்டங்களை 100இலேயே விட்டுவிட்டு, குரூப் செய்து, குரூப்புக்கு 40 கொடுத்தால் ஒரே மேகம். வடிவங்களை இணைக்கும், வெட்டும் பாத்ஃபைண்டர் பலகத்தில் யுனைட் செய்து ஒரே வடிவமாக்கியும் இதைச் சாதிக்கலாம். ஆனால் பிறகு ஒரு வட்டத்தை மட்டும் நகர்த்த முடியாது.

இல்லஸ்ட்ரேட்டரில் நாக்அவுட் குரூப் என்று ஒரு டிக் பெட்டியும் உண்டு. அதைப் போட்டால் குரூப்புக்குள் மேலுள்ள துண்டு கீழுள்ள துண்டை வெட்டி எறிந்துவிடும்; ஆனால் இரண்டுமே பின்னணியைக் காட்டும். துண்டுகளுக்கு வெவ்வேறு ஒபாசிட்டி வேண்டும், அதே சமயம் ஒன்றுக்குள் ஒன்று தெரியவும் கூடாது என்கிற அபூர்வமான சந்தர்ப்பத்தில் இதைவிட்டால் சுலபமான வழி இல்லை.

கலக்கும் முறைகள்

ஒபாசிட்டி எவ்வளவு என்று சொல்கிறது. பிளெண்ட் மோட் எப்படி என்று சொல்கிறது. பிடிஎஃப் வரையறையில் அடிப்படை பிளெண்ட் மோடுகள் 16. நாள்தோறும் வேலை செய்கிறவர்கள் இவற்றில் மூன்று நான்கைத் தாண்டுவதில்லை என்பது என் எண்ணம். மற்றவற்றை வரிசையாகத் தட்டிப் பார்த்து "இது நன்றாக இருக்கிறதே" என்று நிறுத்துவதுதான் வழக்கம். மல்டிப்ளை இரு நிறங்களையும் பெருக்கி இருட்டாக்குகிறது. வெள்ளையோடு பெருக்கினால் எதுவும் மாறாது. ஸ்கிரீன் அதன் நேர் எதிர், வெளிச்சங்களுக்கு ஏற்றது.

நிழல் என்றால் மல்டிப்ளை என்பது மனப்பாடமாகிப்போன விதி. இல்லஸ்ட்ரேட்டரின் டிராப் ஷேடோவும் தானாகவே மல்டிப்ளையில்தான் வரும். ஆனால் திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) கோப்பில் நிழலின் நிறம் சுத்தமான கறுப்பு என்றால் மல்டிப்ளைக்கும், சாதாரணக் கலப்பான நார்மலுக்கும் ஒரு பிக்சல்கூட வித்தியாசம் இருக்காது. கறுப்பு என்பது பூஜ்யம். எதைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம், நார்மலிலும் அதே கறுப்புதான். வித்தியாசம் நிழலுக்கு நீலமோ ஊதாவோ கொடுக்கும்போது தெரியும். அல்லது அச்சு மைகளின் அளவாக நிறத்தைச் சொல்லும் சிஎம்ஒய்கே கோப்பில். அங்கே கறுப்பு மையை மட்டும் கொண்ட 30 சதவீத நிழலை நார்மலில் வைத்தால், கீழே இருக்கும் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் 30 சதவீதம் குறைந்து, அந்த இடத்தில் கறுப்பு சேர்கிறது. சிவப்புப் பின்னணி சாம்பல் பூத்துப்போகும். மல்டிப்ளையில் கீழுள்ள மைகள் அப்படியே இருக்க, கறுப்பு மேலே ஏறுகிறது. அந்த விதி அச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. திரைக்கு மட்டும் வரைகிறவர்கள் அதைக் கேள்வி கேட்காமல் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

பிளெண்ட் மோடிலும் "எங்கே" என்ற கேள்வி வந்துவிடுகிறது, அதுவும் கொஞ்சம் கடுமையாகவே. குரூப்புக்குள் இருக்கும் ஒரு மல்டிப்ளை வடிவம் குரூப்புக்கு வெளியே, கீழே இருப்பதோடும் கலக்கலாமா, இல்லை குரூப்பின் எல்லையோடு நின்றுவிட வேண்டுமா? இல்லஸ்ட்ரேட்டரில் ஐசோலேட் பிளெண்டிங் என்ற டிக் பெட்டி இதைத் தீர்மானிக்கிறது. ஃபிக்மாவில் குரூப்பின் மோட் பாஸ் த்ரூ என்று இருந்தால் கலப்பு கீழேயும் இறங்கும். நார்மல் என்று மாற்றினால் உள்ளேயே அடைபடும். இணைய உலாவியில் காட்டப்படும் எஸ்விஜியில் இன்னொரு விசித்திரம். ஒரு குரூப்பின் ஒபாசிட்டி 100க்குக் கொஞ்சம் குறைந்தாலே போதும், அந்தக் குரூப் தானாகவே தனித்தீவாகிவிடும். 100இல் பின்னணியோடு அழகாகக் கலந்திருந்த மல்டிப்ளை நிழல், 99 ஆக்கியதும் சட்டென்று தட்டையான நிறமாகத் தெரியும். ஒரு சதவீதக் குறைப்புக்கு இவ்வளவு மாற்றமா என்று தோன்றும். அந்த ஒரு சதவீதத்துக்காக உலாவி முழுக் குரூப்பையும் முதலில் தனிப் பலகையில் வரைந்தாக வேண்டும்; அந்தப் பலகையில் பின்னணி இல்லை; எனவே பெருக்குவதற்கு எதுவும் இல்லை.

மாஸ்க்கும் கிரேடியன்டும்

கிளிப்பிங் மாஸ்க் கத்தரித்துவிடும்; ஓரம் கூர்மையாக இருக்கும். படிப்படியாக மறைய வேண்டுமென்றால் ஒபாசிட்டி மாஸ்க். இதில் மாஸ்க்காக வைக்கும் வடிவத்தின் வெளிச்சம்தான் ஒபாசிட்டியாக மாறுகிறது. வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கறுப்பு இருக்கும் இடம் மறையும், சாம்பல் நடுவில். நீரில் விழும் பிம்பத்துக்கு வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஓடும் ஒரு கிரேடியன்ட் போதும்.

மாஸ்க்கில் வண்ணம் வைக்கிறவர்கள் ஏமாறுவார்கள். எஸ்விஜியின் கணக்கில் வெளிச்சத்துக்குச் சிவப்பின் பங்கு சுமார் 21 சதவீதம், பச்சையின் பங்கு 72, நீலத்தின் பங்கு வெறும் 7. அடர்நீல வடிவத்தை மாஸ்க்காகப் போட்டால் படம் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். மனிதக் கண் நீலத்தை இருட்டாகவே உணர்கிறது என்பதன் எதிரொலி இது. மாஸ்க்குக்குச் சாம்பல் அளவுகளைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

மாஸ்க் இல்லாமல் கிரேடியன்டிலேயே ஒரு முனையின் ஒபாசிட்டியை 0 ஆக்கியும் மறைய வைக்கலாம். இங்கே ஒரு அழுக்கு வந்து சேரும். சிவப்பிலிருந்து "ஒன்றுமில்லை"க்குப் போக, மறுமுனையில் ஒபாசிட்டி 0 வைத்துவிட்டு நிறத்தைக் கறுப்பாகவே விட்டுவிடுகிறோம். தெரியாத நிறம் எதுவாக இருந்தால் என்ன என்ற நினைப்பு. எஸ்விஜி கிரேடியன்டில் நிறமும் ஒபாசிட்டியும் தனித்தனியாக நகர்கின்றன. நடுப்புள்ளியில் ஒபாசிட்டி 50, நிறமோ சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவிலுள்ள மங்கிய பழுப்புச் சிவப்பு. வெள்ளைப் பின்னணியில் இளஞ்சிவப்பாக மறைய வேண்டியது புகைபடிந்த மாதிரி மறையும். மறுமுனையிலும் அதே சிவப்பை வைத்து, ஒபாசிட்டியை மட்டும் 0 ஆக்கினால் சரியாகிவிடும். இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியின் கிரேடியன்டில் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே நிறத்தை முன்கூட்டியே ஆல்ஃபாவால் பெருக்கிவிட்டுத்தான் இடைநிறங்களைக் கணக்கிடுகிறார்கள். அதனால்தான் ஒரே இரண்டு நிறங்கள் ஓரிடத்தில் சுத்தமாகவும் இன்னோரிடத்தில் கலங்கலாகவும் தெரிகின்றன.

இரண்டு வடிவங்களுக்கு நடுவே ஒரு மயிர்க்கோடு

ஒபாசிட்டியைத் தொடவே இல்லை, எல்லாம் 100. இரண்டு நீலச் சதுரங்களை இம்மியும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வைத்திருக்கிறோம். ஆனாலும் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று எட்டிப் பார்க்கிறது. பெரிதாக்கினால் இடம் மாறுகிறது, சில அளவுகளில் காணாமல் போகிறது. வரைந்ததில் தவறா என்று, ஓரங்களைத் தானாக ஒட்டவைக்கும் ஸ்னாப்பைப் போட்டு மறுபடி மறுபடி ஒட்டுகிறவர்கள் உண்டு. தவறு வரைந்ததில் இல்லை.

வடிவத்தின் ஓரம் ஒரு பிக்சலின் நடுவே போனால் அந்தப் பிக்சலை முழு நீலமாகவும் காட்ட முடியாது, வெள்ளையாகவும் விட முடியாது. படி படியாகத் தெரியும். அதனால் மென்பொருள் அந்தப் பிக்சலுக்கு மட்டும் 50 சதவீத நீலம் கொடுக்கிறது. ஓரத்தை மழுங்கவைக்கும் இந்த ஆன்டி-ஏலியாசிங் என்பது ஒரு பிக்சல் அகலத்தில் நடக்கும் ஒபாசிட்டிதான். இடதுபக்கச் சதுரம் பிக்சலின் பாதியை அடைக்கிறது: 50. வலதுபக்கச் சதுரம் மறுபாதியை அடைக்கிறது: 50. இரண்டும் சேர்ந்தால் 100 என்று கண் எதிர்பார்க்கிறது. மென்பொருளுக்கோ எந்தப் பாதி யாருடையது என்பது தெரியாது. 50இன் மேல் 50 என்று மட்டும் தெரியும். விடை, அதே பழைய 75. மீதி 25 சதவீதத்தில் பின்னணியின் வெள்ளை கசிகிறது.

தீர்வு சுலபம்: ஒட்டி வைக்க வேண்டாம், கீழுள்ள வடிவத்தை மேலுள்ளதன் அடியில் ஒன்றிரண்டு பிக்சல் நுழைத்துவிடுங்கள். ஆனால் அந்த வடிவங்களே 50 சதவீதம் என்றால் நுழைத்த இடம் அடர்ந்த கோடாகத் தெரியும். வெள்ளைக் கோட்டுக்குப் பதில் கருநீலக் கோடு. அங்கே மேகத்துக்குச் செய்ததையே செய்ய வேண்டும். வடிவங்கள் 100இல், ஒன்றின் அடியில் ஒன்று நுழைந்தபடி. 50 மட்டும் குரூப்பில்.

சிவப்பும் பச்சையும் ஏன் சேறாகின்றன

பச்சையின் மேல் 50 சதவீதச் சிவப்பை வைத்தால் விளக்கொளிகள் கலப்பதுபோல் பளிச்சென்ற மஞ்சள் வரவேண்டும். வருவதோ சேற்றுப் பச்சை. ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரையுள்ள எண்கள் உண்மையான வெளிச்சத்தின் அளவுகள் கிடையாது. கண்ணின் உணர்வுக்கு ஏற்ப வளைத்து எழுதப்பட்டவை. 128 என்ற எண் திரையில் பாதி வெளிச்சத்தைத் தருவதில்லை, 22 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகவே தருகிறது. பாதி வெளிச்சம் வேண்டுமானால் எண் சுமார் 188 ஆக இருக்க வேண்டும். பெரும்பாலான வெக்டர் மென்பொருள்கள் வளைந்த எண்களையே நேராகக் கூட்டிப் பங்கிடுகின்றன. கிடைப்பது 128, 128, 0. எஸ்விஜியில் மட்டும், மங்கலாக்குவது போன்ற விளைவுகளைத் தரும் ஃபில்டர்கள் இயல்பாகவே வெளிச்சக் கணக்கில் வேலை செய்கின்றன. அதே கோப்பில் சாதாரண ஒபாசிட்டி வளைந்த எண்களில். ஒரே நிறத்தை மங்கலாக்கி வைத்த நிழலும் ஒபாசிட்டியால் வைத்த நிழலும் பொருந்தாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதை மாற்றப் போராடுவதைவிட, எதிரெதிர் நிறங்களை ஒபாசிட்டியால் கலக்காமல், நடுநிறத்தை நாமே தேர்ந்து வைப்பது சுருக்கமான வழி.

அச்சு இயந்திரத்துக்கு ஒபாசிட்டி தெரியாது

திரையில் கணக்குப் போட்டு முடித்துவிட்ட ஓவியம் அச்சுக்குப் போகும்போது மறுபடியும் கணக்குக்கு வருகிறது. அச்சுப் பக்கங்களை விவரிக்க 1984இல் அடோபி வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் ஒளிபுகும் வண்ணம் என்ற கருத்தே இல்லை. மேலே வைத்தது கீழுள்ளதை மறைக்கும், அவ்வளவுதான். 1987இல் வந்த இல்லஸ்ட்ரேட்டரும் பல வருடங்கள் அதே உலகத்தில்தான் இருந்தது. 2000இல் அதன் 9ஆம் பதிப்பில் ஒபாசிட்டி வந்தது. அடுத்த வருடம் பிடிஎஃப் 1.4 அதைக் கோப்பிலேயே உயிரோடு வைத்திருக்க வழி செய்தது.

இடையில் இருந்த பள்ளத்தை நிரப்பியது ஃபிளாட்டனிங். ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களையெல்லாம் தனித்தனித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கலந்த நிறத்தைக் கணக்கிட்டு, முழு அடர்த்தி நிறமாக எழுதிவிடுவது. இரண்டு வட்டங்கள் மூன்று துண்டுகளாகும். கிரேடியன்ட், மங்கல் நிழல் என்று சிக்கலானால் அந்தப் பகுதியையே பிக்சலாக மாற்றிவிடும். துண்டுகள் ஒட்டி நிற்கும் இடங்களில் நாம் மேலே பார்த்த மயிர்க்கோடு திரையில் தெரியும். ஒளிபுகும் வடிவத்துக்கு அடியில் சிக்கிக்கொண்ட எழுத்துகள் பாத்களாக மாறிக் கொஞ்சம் தடித்துப்போகும். ஒரே பத்தியில் பாதி தடித்தும் பாதி மெலிந்தும் நிற்கும் எழுத்துகளைப் பார்த்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். எழுத்துகளை எப்போதும் மேல் லேயரில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

தனி மையாக அச்சாக வேண்டிய ஸ்பாட் நிறங்களில் டிஃபரன்ஸ், எக்ஸ்க்ளூஷன் போன்ற பிளெண்ட் மோடுகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை அந்த மைகளுக்குப் பொருந்துவதில்லை. அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ தரத்தில் உயிருள்ள ஒபாசிட்டிக்கு இடமே இல்லை. பிடிஎஃப்/எக்ஸ்-4 அதை ஏற்கிறது. அச்சகம் எதைக் கேட்கிறது என்பதை வேலை தொடங்குமுன் கேட்டுவிடுவது பாதி தலைவலியைக் குறைக்கும்.

திரைக்கான வடிவங்களிலும் எல்லாக் கோப்புவகையும் எல்லா இடத்திலும் ஒபாசிட்டியை ஏற்பதில்லை. ஆண்ட்ராய்டு செயலிகளின் வெக்டர் படவகையான வெக்டர் டிராவபிளில் பாத்தின் ஃபில்லுக்கும் ஸ்ட்ரோக்குக்கும் தனித்தனி ஆல்ஃபா உண்டு, மொத்தப் படத்துக்கும் ஒன்று உண்டு. நடுவில் இருக்கும் குரூப்புக்குக் கிடையாது. குரூப் ஒபாசிட்டியை நம்பி வரைந்த மேகம் அங்கே போனால் அதே தோற்றத்தில் நிற்க வழியில்லை. வினைல் வெட்டும் இயந்திரத்துக்கோ பாத் மட்டும்தான் புரியும்.

ஒளிபுகாத நிறங்களால் ஒளிபுகவைப்பது

இப்படிப்பட்ட இடங்களில் உதவுவது பழைய ஓவியர் வித்தை. ஓவிய ஆசிரியர் யோசஃப் ஆல்பர்ஸ் தன் மாணவர்களுக்கு வெறும் வண்ணக் காகிதங்களைக் கொடுத்து, ஒன்றின் வழியாக இன்னொன்று தெரிவதுபோல் செய்யச் சொல்வார். காகிதம் எதுவும் ஒளிபுகாதது. ஒன்றன்மேல் ஒன்று விழுவதாகத் தோன்றும் இடத்துக்குச் சரியான நடுநிறத்தைத் தேர்ந்து வெட்டி ஒட்டினால் போதும், கண் நம்பிவிடும்.

கண் எப்போது நம்பும் என்பதை இத்தாலிய உளவியலாளர் ஃபாபியோ மெட்டெல்லி சமன்பாடாகவே எழுதிவைத்தார். விசேஷம் என்னவென்றால், அது ஆல்ஃபா கணக்கேதான். பின்னணியில் 200 என்ற வெளிர்சாம்பலும் 100 என்ற அடர்சாம்பலும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றின் எல்லைக்கு குறுக்கே ஒரு பட்டை. வெளிர்பக்கம் பட்டையின் நிறம் 160, அடர்பக்கம் 110. வெளியே வித்தியாசம் 100, பட்டைக்குள் 50. எனவே அந்தப் பட்டை பாதி ஒளியை விடுகிறது. அதன் சொந்த நிறம் 120. பட்டைக்குள் இருக்கும் வித்தியாசம் வெளியே இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், வெளிர்பக்கம் வெளிராகவே இருக்க வேண்டும், எல்லைக்கோடு பட்டைக்குள்ளும் உடையாமல் தொடர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பட்டை அங்கேயே ஒட்டுத்துண்டு மாதிரித் தெரிந்துவிடும். நிஜ ஒபாசிட்டி வைத்த படங்களிலும் இது உதவும்: இறக்கை கண்ணாடி மாதிரித் தெரியவில்லை என்றால், எண்ணைக் கூட்டிக் குறைப்பதற்கு முன், அதன் அடியில் எல்லைக்கோடு ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரே நிறப் பின்னணியில் 50 சதவீத நீலத்துக்கும் வெளிர்நீலத்துக்கும் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. தெரிவதற்கு அடியில் ஏதாவது இருந்தால்தானே.

எழுத்துகளுக்கு நான் ஒபாசிட்டியே வைப்பதில்லை. வெள்ளையின் மேல் 60 சதவீதக் கறுப்பு என்பது 102 என்ற சாம்பல். அதன் முரண்விகிதம், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டின் விகிதம், 5.74. 50 சதவீதம் ஆக்கினால் 3.95, சாதாரண அளவு எழுத்துக்கு இணைய அணுகல் விதிகள் கேட்கும் 4.5ஐ அது எட்டாது. அதுவும் வெள்ளையின் மேல்தான். பின்னணியை யாரோ மாற்றினால் எழுத்தின் நிறமும் சேர்ந்து மாறிவிடும். 102 சாம்பலை நேரடியாகவே கொடுத்துவிட்டால் நிறமாவது நம் கையில் இருக்கும்.

ஒளிபுகும் வடிவங்களை முழு நிறங்களாக மாற்றும்போது டிவைட் கட்டளையைப் போட்டு எல்லாவற்றையும் துண்டுதுண்டாக வெட்டத்தான் முதலில் கை போகும். வெட்டிய துண்டுகளுக்கு நடுவே மயிர்க்கோடுகள் முளைக்கும். ஒன்றன்மேல் ஒன்று விழும் இரண்டு வட்டங்கள் என்றால், இரண்டையும் முழுதாகவே விட்டுவிட்டு, அவை சேரும் இடத்தின் வடிவத்தை மட்டும் இன்டர்செக்ட் மூலம் நகலெடுத்து, நடுநிறம் கொடுத்து மேலே வையுங்கள். அடியில் முழு வட்டங்கள் இருப்பதால் கசிவதற்குப் பின்னணி வெள்ளை இருக்காது.